வோட்டு ஊரிலா, வெள்ளவத்தையிலா?

எந்தத் தேர்தல் என்றாலும், திகதி வெளிவந்த நாளிலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் கேட்கிற கேள்வி "வோட்டு எங்கை கிடக்கு?" என்பதுதான். யாருக்குப் போடுவது என்பதெல்லாம் பிறகு. மரக்கறிக் கடையில் கேட்பார்கள், கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டே கேட்பார்கள், லிஃப்ட்டுக்குள் ஆறாம் மாடி வருவதற்குள் கேட்டு முடித்துவிடுவார்கள். பாதிப் பேரின் பதில் "ஊரிலைதான்" என்று வரும், அதன் பின்னால் பஸ்ஸில் சீட் கிடைக்காத கதை வரும்.

கொழும்பில் வருடக்கணக்காக இருந்துகொண்டு வாக்கை ஊரிலேயே விட்டுவைப்பதா, இல்லை இங்கே மாற்றிக்கொண்டு தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய்ப் போடுவதா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: இங்கே குடியிருக்கிறவர் இங்கேதான் பதிய வேண்டும். ஆனால் என் வீட்டுக்குள்ளேயே இதற்கு ஓர் எதிர்க்கட்சி இருந்தது, அந்தக் கட்சியிடம் ஒரு கணக்கும் இருந்தது, அது லேசில் தள்ளிவிடக்கூடிய கணக்கு இல்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் சாவகச்சேரிப் பக்கம், 2010 இல் கொழும்புக்கு வந்தவன். மனைவி வவுனியா. என் பெயர் ஊர் வாக்காளர் இடாப்பில் இருந்து, பிறகு ஒருமுறை எங்குமே இல்லாமல் போய், இப்போது இங்கே இருக்கிறது. அவளுடைய பெயர் கடைசிவரை வவுனியாவில்தான் இருந்தது. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் என்று எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல் வந்ததே, அந்த மூன்றிலும் ஒரே வீட்டிலிருந்து ஒருவர் செருப்போடு நடந்துபோயும் மற்றவர் பையோடு பஸ் ஏறியும் வாக்களித்தோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

முதலில் ஒரு விஷயம். தேர்தலுக்குத் தேர்தல் கணக்கு வேறு. ஜனாதிபதித் தேர்தலில் முழு நாடும் ஒரே தொகுதி மாதிரி. நீங்கள் பருத்தித்துறையில் போட்டாலும் பம்பலப்பிட்டியில் போட்டாலும் அந்த வாக்கு ஒரே குவியலில்தான் போய் விழும். ஆகவே அதற்காக ஊருக்குப் போகிறவர் பாசத்துக்காகப் போகிறார், அவ்வளவுதான், தப்பில்லை. போன தடவை 38 பேர் போட்டியிட்டார்கள், முதல் எண்ணிக்கையில் யாருக்கும் 50 வீதம் தாண்டவில்லை, வரலாற்றிலேயே முதல் தடவையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டு அநுர குமார திசாநாயக்க வென்றார். அந்த இரண்டாம் எண்ணிக்கையிலும் சாவகச்சேரி வாக்குக்குத் தனி மரியாதை ஒன்றும் கிடையாது.

பாராளுமன்றத் தேர்தலில்தான் சண்டை தொடங்கும். அது மாவட்டக் கணக்கு. "ஊரிலை போட்டால்தான் வோட்டுக்குப் பெறுமதி" என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன், ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024 இல் கொழும்பு மாவட்டத்தில் பதிவான வாக்காளர் 17 லட்சத்து 65 ஆயிரம் பேர், ஆசனம் 18. ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 98,000 பேர். கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 5 லட்சத்து 93 ஆயிரம் பேர், ஆசனம் 6. வகுத்துப் பாருங்கள், அதுவும் கிட்டத்தட்ட 98,000, 99,000 தான். அதாவது யாழ்ப்பாண வாக்கும் கொழும்பு வாக்கும் தராசில் ஒரே நிறை. இதைக் கண்டுபிடித்த அன்று பெரிய வெற்றியோடு மனைவியிடம் காட்டினேன். அவள் பேனாவை வாங்கி அடுத்த வரியில் வன்னியை எழுதினாள். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னியில் 3 லட்சத்து 6 ஆயிரம் வாக்காளர், ஆசனம் அங்கேயும் 6. ஓர் ஆசனத்துக்கு 51,000 பேர்தான்.

"உங்கடை ரெண்டு வோட்டு, என்ரை ஒரு வோட்டு," என்றாள். பேனாவைத் திருப்பித் தந்துவிட்டாள்.

காரணம் என்னவென்றால், மாவட்டங்களுக்குப் போகிற 196 ஆசனங்களில் 160 வாக்காளர் தொகைப்படி பிரிகிறது, மிச்சம் 36 ஆசனம் மாகாணத்துக்கு நான்கு என்று ஆள் தொகை பாராமல் கொடுக்கப்படுகிறது. ஆள் குறைந்த பெரிய நிலப்பரப்புக்கு அதனால் ஒரு தூக்கல். எனவே வன்னிக்காரர் ஒருவர் "நான் ஊரிலேயே வைத்திருக்கிறேன்" என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன், குறைந்தபட்சம் கணக்கு அளவில். யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னால் மூடமாட்டேன்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கும் ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆசனத் தொகையே இடாப்பில் இருக்கிற பெயர்களை வைத்துத்தான் தீர்மானமாகிறது. 2010 இல் யாழ்ப்பாணத்துக்கு 9 ஆசனம், 2015 இல் 7, 2020 இலும் 7, 2024 இல் 6. ஆட்கள் வெளிநாடு போனார்கள், கொழும்பு வந்தார்கள், இடாப்பு மெலிந்தது, ஆசனமும் மெலிந்தது. "நீயும் பெயரை எடுத்தால் நாளைக்கு 5 ஆகும்" என்று என் பெரியப்பா ஒருவர் கொழும்பிலிருந்தே, அதுவும் இருபது வருடமாகக் கொழும்பிலிருந்தே, எனக்கு வகுப்பு எடுப்பார். உணர்ச்சியாகக் கேட்டால் சரிதான். சட்டமாகக் கேட்டால், இடாப்பில் பெயர் இருக்க வேண்டியது நாம் வழமையாகக் குடியிருக்கும் இடத்தில். விருப்பப்பட்ட ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, இரண்டு இடத்தில் வைத்திருப்பது குற்றம். நாங்கள் பழக்கத்தில் வைத்திருக்கிறோம், விதானையார், அதாவது கிராம உத்தியோகத்தர், தெரிந்தவர் என்பதால் ஓடுகிறது, அவ்வளவுதான்.

அந்த ஓட்டம் ஒருநாள் நிற்கும். எனக்கு 2018 இல் நின்றது. அந்த வருடம் பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல். அதற்கு முந்திய மீளாய்வில் புதிதாக வந்த கிராம உத்தியோகத்தர் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது, பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார், அவர்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டிவிட்டார். அவர் செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடியாது. கொழும்பில் நான் அப்போது இருந்த வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்காரர் பெயர் எதையும் படிவத்தில் போட விடாதவர். ஆக அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. வாக்காளர் அட்டை வராதது தபால்காரன் பிழை என்று நினைத்து ஒரு வாரம் அந்த மனிதரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், பாவம். பிறகுதான் இடாப்பிலேயே இல்லை என்பது தெரிந்தது. அட்டை வராவிட்டாலும் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம், பெயர் இல்லாவிட்டால் கடவுளே வந்தாலும் முடியாது. ஊரில் வைத்திருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை.

உள்ளூராட்சித் தேர்தலுக்கு வந்தால் என் பக்கம் முழுப் பலத்தோடு நிற்பேன். குப்பை எடுக்கிறவன் வராததும், மழை பெய்தால் எங்கள் ஒழுங்கையில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்பதும், சோலைவரி எவ்வளவு என்பதும் கொழும்பு மாநகர சபையின் விஷயம். (வெள்ளவத்தையைத் தாண்டித் தெகிவளைக்குள் கால் வைத்தால் அது தெகிவளை-கல்கிசை மாநகர சபை, வீடு மாறும்போது கவனம்.) இங்கே சோலைவரி கட்டிக்கொண்டு சாவகச்சேரிக்கு உறுப்பினர் தெரிவு செய்வது, வாடகை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு வேறோர் வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல. இந்தத் தேர்தலில் 60 வீதம் உறுப்பினர் வட்டாரம் வட்டாரமாக, 40 வீதம் கட்சிகளின் மொத்த வாக்கு விகிதாசாரப்படி, நீங்கள் போடுகிற ஒரே ஒரு புள்ளடி இரண்டுக்கும் கணக்காகும். 2025 இல் 117 பேர் கொண்ட கொழும்பு மாநகர சபையில் தேசிய மக்கள் சக்திக்கு 48, ஐக்கிய மக்கள் சக்திக்கு 29, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. கடைசியில் ஜூன் மாதம் சபைக்குள் இரகசிய வாக்கெடுப்பு வைத்து 61க்கு 54 என்று தேசிய மக்கள் சக்தியின் வ்ராய் கெலீ பல்தஸார் மேயரானார். அவருக்குப் போட்டதில் நாலு உறுப்பினர் மற்றப் பக்கம் நின்றிருந்தால் கதை வேறு. அப்படி இருக்க, வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான தமிழ் வாக்குகள் தேர்தல் அன்றைக்கு ஊர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தன, அல்லது உண்மையைச் சொன்னால் பஸ்ஸும் ஏறாமல் வீட்டில் டீவி பார்த்துக்கொண்டிருந்தன.

ஏனென்றால் அதுதான் நடக்கிறது. ஜனாதிபதித் தேர்தலுக்கு ஊர் போகிறவர்களில் பாராளுமன்றத்துக்குப் போவது பாதிப் பேர், உள்ளூராட்சிக்கு அநேகமாக ஒருவரும் இல்லை. நாடு முழுவதுமே வாக்களிப்பு அப்படித்தான் குறைந்தது, 79 வீதத்திலிருந்து 69 வீதத்துக்கு, பிறகு 60ஐச் சற்றுத் தாண்டி. ஆனால் 400 கிலோமீற்றர் தள்ளி வாக்கு வைத்திருக்கிறவருக்கு அலுப்பு இன்னும் சீக்கிரம் வரும். மூன்று தேர்தலுக்கும் யாழ்ப்பாணம் போய் வந்திருந்தால் 2,400 கிலோமீற்றர். ஏசி பஸ்ஸில் ஒரு வழிக்கு மூவாயிரம் ரூபாய் அளவில் என்று வையுங்கள், இரண்டு பேர் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மனைவியின் 2024 செப்டெம்பர்ப் பயணம் இப்படி. வெள்ளி இரவு வேலை முடிந்து பஸ், விடியப்புறம் வவுனியா, சனிக்கிழமை காலை ஏழரைக்கு வாக்குப் போட்டாயிற்று. சனி இரவே திரும்புவதாகத் திட்டம். அன்று இரவு பத்து மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள், ஞாயிறு காலை ஆறுக்கு எடுப்பதாகச் சொல்லி நண்பகல் வரை நீட்டினார்கள். பஸ்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. திங்கட்கிழமையை விசேட விடுமுறையாக அறிவித்தபடியால் அவள் வேலை தப்பியது, இல்லாவிட்டால் ஜனாதிபதியைத் தெரிவு செய்யப்போய் சம்பளத்தில் ஒருநாள் போயிருக்கும். நவம்பரில் அதிர்ஷ்டம், தேர்தல் வியாழன், வெள்ளி போயா (பௌர்ணமி) விடுமுறை. மே 6 ஒரு செவ்வாய்க்கிழமை, நடுவாரம், அன்றைக்குத்தான் பஸ் காலியாக இருந்ததாம்.

லீவு பற்றிச் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாது. வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு தர வேண்டியது முதலாளியின் கடமை, குறைந்தது நான்கு மணித்தியாலம், நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். தூரத்துக்கு ஏற்ப எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தனியார் துறைக்கு அறிவித்தும் இருக்கிறார்கள்: 40 கிலோமீற்றருக்குள் அரைநாள், 100 வரை ஒருநாள், 150 வரை ஒன்றரை, அதற்கு மேல் இரண்டு நாள். புறக்கோட்டை மொத்தக் கடைகளில் வேலை செய்கிற ஹட்டன், பதுளைப் பெடியங்களுக்கு இது மிகவும் தேவை. அவர்கள் கடை மாடியில் படுக்கிறவர்கள், குடும்பம் தேயிலைத் தோட்டத்தில், சம்பளம் போவது தோட்டத்துக்கு, தீபாவளிக்கும் போவது தோட்டத்துக்கு. அவர்களைப் பார்த்து "கொழும்பில் பதி" என்று நான் சொல்லமாட்டேன், அவர்களுடைய வீடு உண்மையிலேயே அங்கேதான். என் வாதம் மனைவி, பிள்ளை, காஸ் சிலிண்டர், பாடசாலை அனுமதி எல்லாவற்றையும் கொழும்புக்குக் கொண்டுவந்துவிட்டு வாக்கை மட்டும் ஊரில் விட்டிருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு.

"தபால் மூலம் போடலாமே" என்று ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பார்கள். முடியாது. அது அரச ஊழியர்கள், பொலிஸ், படையினர் போன்று தேர்தல் கடமையிலோ அத்தியாவசிய சேவையிலோ இருப்பவர்களுக்கு. வெளிநாட்டில் இருப்பவருக்கும் கிடையாது, கொழும்பில் அக்கவுண்டன்டாக இருப்பவருக்கும் கிடையாது. உங்களுக்கு இருக்கிறது ஒரே வழி, உங்கள் பெயர் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறதோ அங்கே நேரில் போய் நிற்பது. அதனால்தான் எந்தப் பள்ளிக்கூடம் என்பது இவ்வளவு பெரிய கேள்வி ஆகிறது.

இனி நேரில் போகிற அனுபவத்தையே பார்ப்போம். ஊரில் வாக்களிப்பது ஒரு சின்னத் திருவிழா, அதை நான் மறுக்கவில்லை. 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் ஆனா ஆவன்னா படித்த பள்ளிக்கூடம், வேப்பமரத்துக்குக் கீழே வரிசை, எனக்கு முன்னால் நின்றவர் எனக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார், பின்னால் நின்றவள் என்னோடு சண்டை பிடித்துப் பேசாமல் விட்ட மச்சாள். உள்ளே அலுவலர் என் பெயரைச் சத்தமாக வாசிக்கிறார், கட்சி முகவராக இருந்தவன் தலையை நிமிர்த்திச் சிரிக்கிறான், வெளியே வந்தால் "எப்ப வந்தனீ, எப்ப போறாய், ஏன் மெலிஞ்சு போனாய்". பத்து நிமிடத்தில் வாக்கு முடிந்துவிடும், மிச்சம் இரண்டு நாள் விருந்து. 2005 ஜனாதிபதித் தேர்தலில் இதே யாழ்ப்பாணத்தில் பகிஷ்கரிப்பால் வாக்களித்தவர்கள் 1 வீதத்தைச் சற்றுத் தாண்டித்தான், அதைக் கண்ட ஊருக்கு அந்த வரிசை சும்மா வரிசை இல்லை.

வெள்ளவத்தையில் விருந்து கிடையாது. 2025 மே 6 காலை ஏழேகாலுக்குப் போனேன், வாசலில் ஒரு பொலிஸ்காரர், கையடக்கத் தொலைபேசியை அணைக்கச் சொன்னார். மூன்றாம் வகுப்பு அறை. கரும்பலகையில் பாதி அழிந்த ஏழாம் வாய்ப்பாடு, யன்னல் கட்டில் ஏதோ பிள்ளை மறந்துவிட்டுப் போன நீலத் தண்ணீர்ப் போத்தல். எனக்கு முன்னால் ஆறு பேர். முதல் மேசையில் இருந்தவர் சிங்களவர், நல்ல மனிதர், என் அப்பாவின் பெயரில் தொடங்கி என் பெயரில் முடிகிற பத்தொன்பது எழுத்தை மூன்று தவணையில் வாசித்தார். முகவர்கள் தங்கள் பிரதியில் அடிமட்டத்தை வைத்துத் தேடினார்கள், ஒருவர் "இலக்கம் என்ன?" என்று மறுபடி கேட்டார், நானே சொன்னேன். அடுத்த மேசையில் இடது கையைப் பிடித்து விரலில் மை, சின்னத் தூரிகை, ஈரமாக இருந்தது. அதற்கடுத்த மேசையில் வாக்குச்சீட்டு. பெயர்கள் மூன்று மொழியிலும் இருக்கும், தமிழ் தெரியாத அறைக்குள் தமிழ்ச் சீட்டுக் கிடைக்குமா என்று யோசிக்கத் தேவையில்லை. அட்டைப் பெட்டி மறைப்புக்குள் ஒரு புள்ளடி, மடித்துப் பெட்டிக்குள் போட்டேன், வெளியே வந்து மணியைப் பார்த்தால் ஏழு இருபத்தெட்டு. பதின்மூன்று நிமிடம். வருகிற வழியில் பாண் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒருவரும் என்னை ஏன் மெலிந்தாய் என்று கேட்கவில்லை.

எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா வாக்காளர் அட்டை கொண்டுவரவில்லை, அடையாள அட்டை மட்டும்தான். மகள் அட்டையைத் தொலைத்துவிட்டாள் என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். இடாப்பில் பெயரைத் தேடக் கொஞ்ச நேரம் எடுத்தது, கொடுத்தார்கள். ஆனால் அடையாள அட்டை இல்லாமல் வாக்காளர் அட்டையை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை, இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். வேலை இடத்து அட்டையை நீட்டாதீர்கள், ஒவ்வொரு தடவையும் ஒருவர் நீட்டுவார். கண் தெரியாதவர், நடக்க இயலாதவர் உதவிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், அதற்கான சான்றிதழை முன்கூட்டியே கிராம உத்தியோகத்தரிடம் படிவம் வாங்கி வைத்தியரின் ஒப்பத்தோடு எடுத்துவைக்க வேண்டும்.

நேரம் எது நல்லது என்றால், அண்மைய மூன்று தேர்தலிலும் வாக்களிப்புக் காலை 7 முதல் மாலை 4 வரை. 2020 இல் ஐந்து மணி வரை இருந்ததை நினைத்து நாலரைக்குப் போய்ப் பூட்டிய கேற்றைப் பார்த்தவர்கள் எங்கள் மாடியிலேயே இரண்டு பேர். ஏழு மணிக்கே முதியவர்கள் வந்து நிற்பார்கள், பதினொரு மணிக்கு வெயிலும் குடும்பங்களும். ஏழேகாலுக்கும் எட்டுக்கும் இடையில் போங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு "சரி, மாற்றுவோம்" என்றால் அடுத்த தலைவலி தொடங்கும். இடாப்பு ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 1 ஆம் திகதி நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை வைத்துத் திருத்தப்படும். கிராம உத்தியோகத்தர் வழியாகப் படிவம் கொடுக்க வேண்டும், கொழும்பில் எல்லோரும் ஜீ.எஸ். என்றே சொல்வார்கள். வாடகை வீட்டுக்காரருக்குத்தான் சிக்கல். வாடகைக்காரன் பெயர் இடாப்பில் ஏறினால் நாளைக்கு வீட்டை விட்டு எழும்பமாட்டான் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு பயம். படிவம் கேட்பது யார் குடியிருக்கிறார்கள் என்பதை, வீட்டு உறுதிப்பத்திரம் யார் பெயரில் என்பதை இல்லை, ஆனால் இதை வீட்டு முற்றத்தில் நின்று விளங்கப்படுத்த முடியாது. நான் செய்தது, வாடகை ஒப்பந்தத்தையும் என் பெயரில் வந்த தொலைபேசி பில்லையும் எடுத்துக்கொண்டு நேரே ஜீ.எஸ்.ஸிடம் போனேன். பழைய வாக்கு எங்கே இருந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டாவது தடவை வரச் சொன்னார், போனேன், முடிந்தது.

பழைய ஆட்கள் இதற்குக்கூடத் தயங்குவார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு வீட்டில் தங்க வேண்டுமென்றால் பொலிஸ் பதிவு, வந்தவர் போனவர் பெயர் எல்லாம் ஒரு தாளில். 2007 ஜூன் 7 அதிகாலை லொட்ஜ்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தடுத்த பிறகுதான் அது நின்றது. பட்டியலில் பெயர் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம் என்று வாழ்ந்தவரிடம் போய் "அம்மா, இந்தப் படிவத்தில் பெயரைப் போடுவோம்" என்றால் அவர் கை கொஞ்சம் பின்னால்தான் போகும். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் நான் போடச் சொல்கிறேன். வாக்காளர் இடாப்பில் இருக்கிறவரை லொட்ஜ்காரர் என்று சொல்ல முடியாது.

ஒரு குறையையும் ஒத்துக்கொள்கிறேன். கொழும்பில் தமிழ் வாக்கு பாராளுமன்றத் தேர்தலில் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. 2020 இல் இங்கே வென்ற தமிழ் முற்போக்குக் கூட்டணித் தலைவர் மனோ கணேசன் 2024 இல் மாவட்டத்தில் தோற்று, தேசியப் பட்டியல் வழியாகத்தான் உள்ளே போனார். மாவட்டத்தில் 5 வீதம் எடுக்காத கட்சி கணக்கிலேயே சேராது, கொழும்பில் அந்த 5 வீதம் என்பது பெரிய தொகை. ஆகவே இங்கே பெரிய கட்சி ஒன்றின் பட்டியலுக்குள் மூன்று விருப்பு வாக்கை யாருக்குப் போடுவது என்று தேட வேண்டியிருக்கிறது. ஊரில் அந்தத் தேடல் கொஞ்சம் லேசு, ஆளைத் தெரியும். இந்த இடத்தில் மனைவி ஒரு புள்ளி எடுத்தாள், கொடுத்துவிட்டேன். மாகாண சபை என்று ஒன்று இருந்தால் அவளுக்கு இன்னொரு புள்ளி கிடைத்திருக்கும், 2013 செப்டெம்பருக்குப் பிறகு வடக்கில் அதற்குத் தேர்தலே நடக்காதபடியால், இதை எழுதும்வரை அது எந்தப் பக்கமும் சேராமல் கிடக்கிறது.

மே மாதத்துக்குப் பிறகு அவளே சொன்னாள், அடுத்த படிவத்தில் தன் பெயரையும் இங்கே போடச் சொல்லி. செவ்வாய்க்கிழமை காலியாக வந்த பஸ்தான் அவளை மாற்றியது என்று நினைக்கிறேன், என் வாதம் இல்லை. வன்னியின் இரண்டு மடங்கு பற்றிக் கேட்டேன். "இஞ்சை தண்ணி நிக்கிறதுக்கு அங்கை ரெண்டு வோட்டுப் போட்டு என்ன செய்ய?" என்றாள். படிவத்தை நிரப்பினோம், அவளுடைய வரிசையில் பழைய முகவரி என்று வவுனியா வீட்டை எழுதினாள், கையெழுத்துக் கொஞ்சம் மெதுவாகப் போனது.

அன்று இரவு வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னோம். மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளிடம் கேட்காமல் என்னிடம்தான் கேட்டார், "அப்ப தம்பி, இனி எலக்சனுக்கும் வரமாட்டியளே?"